‘ஓடியது’ என்று லாக் சொன்னால் போதுமா? தரவுத்தளப் பராமரிப்பைத் தானியங்கியாக்கிய அனுபவம்

தரவுத்தளப் பராமரிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்லும் வேலைகள் அதிகமில்லை. செத்த பதிவுகள் (மாற்றப்பட்ட, நீக்கப்பட்ட பதிவுகளின் பழைய பிரதிகள்) அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தை மீட்பது, தரவைத் தேடும் வழியைத் திட்டமிட உதவும் புள்ளிவிவரங்களைப் புதுப்பிப்பது, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ்களில் ஊதிப்போனவற்றைத் திரும்பக் கட்டுவது, காலாவதியான தரவை அகற்றுவது, பேக்கப் எடுப்பது ஆகியவற்றுக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும். இவை ஒவ்வொன்றையும் ஒற்றை வரிக் கட்டளையால் செய்துவிட முடியும் என்பதால், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் அந்த வரியைப் போட்டுவிட்டால் தானியங்கியாக்கம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. பல ஆண்டுகளாகப் போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தரவுத்தளங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் நான், பிறரிடமிருந்து என் பொறுப்புக்கு வந்த சர்வர்களில் பெரும்பாலும் கண்டது அப்படிப்பட்ட கிரான் வரிகளைத்தான். கட்டளை ஓடியதா என்பது அவற்றுக்குத் தெரியும். எதற்காக ஓடியதோ அந்த வேலை நடந்ததா என்பது தெரியாது. இந்த இடைவெளியை ஒவ்வொரு வேலையிலும் எப்படி அடைத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்படி வந்த ஒரு சர்வரில் இரவு பதினொரு மணிக்குப் பேக்கப் எடுக்கும் பிஜிடம்ப், நள்ளிரவில் தரவுத்தளம் முழுவதற்கும் செத்த பதிவுகளை அகற்றும் வேக்கம், அதிகாலையில் இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டும் ரீஇண்டெக்ஸ் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். தரவுத்தளம் சிறியதாக இருந்த காலத்தில் டம்ப் நள்ளிரவுக்கு வெகுமுன்பே முடிந்திருக்கும். தரவு வளர வளர அது நள்ளிரவைத் தாண்டி ஓடத் தொடங்கியிருக்கிறது. பிஜிடம்ப் தொடங்கிய கணத்தில் தரவு எப்படி இருந்ததோ அந்தக் காட்சியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால், அந்தக் கணத்துக்குப் பிறகு செத்த எந்தப் பதிவையும் அது முடியும்வரை வேக்கத்தால் அகற்ற முடியாது. ஆகவே இரவுநேரத் தொகுப்பு வேலைகள் உண்டாக்கும் குப்பை முழுவதையும் தொடாமலேயே நள்ளிரவு வேக்கம் தினமும் ‘வெற்றிகரமாக’ முடிந்துகொண்டிருந்தது. கடிகார நேரத்தை நம்பி வேலைகளை அடுக்கினால், தரவு வளரும்போது அந்த அடுக்கு யாருக்கும் சொல்லாமல் குலைந்துவிடும். நான் முதலில் செய்த மாற்றம், நேரங்களை எடுத்துவிட்டு, ஒரு வேலை முடிந்ததும் அடுத்தது தொடங்கும்படி எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் கோத்ததுதான்.

ஆனால் அதற்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இதில் எவ்வளவு வேலையைத் தரவுத்தளம் தானே செய்துகொள்கிறது? போஸ்ட்கிரெஸில் தேவைப்படும்போது வேக்கத்தைத் தானே ஓட்டும் ஆட்டோவேக்கம் 2005-இல் வந்த 8.1 பதிப்பிலேயே சர்வருக்குள் சேர்ந்துவிட்டது. 2008-இல் வந்த 8.3 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது. அப்படியிருந்தும், ‘சர்வர் மந்தமாக இருக்கும்போதெல்லாம் ஆட்டோவேக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே மந்தத்துக்கு அதுதான் காரணம்’ என்று முடிவுகட்டி அதை அணைத்துவிட்டு, இரவில் கையால் எழுதிய வேக்கத்தை ஓடவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. பகல் முழுவதும் பதிவுகள் மாறிக்கொண்டே இருக்கும் அட்டவணைக்கு இரவில் ஒருமுறை துப்புரவு போதாது. தவிர, இரண்டுக்கும் நடத்தையில் வேறுபாடு உண்டு. கையால் கொடுக்கும் வேக்கத்துக்கு இயல்பில் வேகத்தடை கிடையாது. டிஸ்க் தரும் வேகத்தில் படித்துத் தள்ளும். ஆட்டோவேக்கம் இடையிடையே நின்று போகும். அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளை ஒன்று பூட்டுக்காகக் காத்திருந்தால், சாதாரண ஆட்டோவேக்கம் தன்னை ரத்துசெய்துகொண்டு வழிவிடும்; கையால் ஓடும் வேக்கம் வழிவிடாது. ஆகவே ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் ஆட்டோவேக்கத்தை ஒழுங்காக அமைத்துவிட்டால், எழுத வேண்டிய ஸ்கிரிப்டே பாதியாகக் குறைந்துவிடும்.

ஒழுங்காக அமைப்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஒரு அட்டவணையில் செத்த பதிவுகளின் எண்ணிக்கை, அடிப்படை அளவான 50-உடன் மொத்தப் பதிவுகளில் 0.2 பங்கு சேர்ந்த தொகையைத் தாண்டினால்தான் ஆட்டோவேக்கம் அந்த அட்டவணைக்கு வரும் என்பது இயல்பான அமைப்பு. ஆயிரம் பதிவுகள் கொண்ட அட்டவணைக்கு இது 250. யாருக்கும் தொல்லை இல்லை. பத்துக் கோடிப் பதிவுகள் கொண்ட அட்டவணைக்கு அதே கணக்கு இரண்டு கோடி. இரண்டு கோடிச் செத்த பதிவுகள் சேரும்வரை அந்த அட்டவணையை யாரும் தொடமாட்டார்கள். பிறகு ஒருநாள் தொடும்போது அது பல மணிநேர வேலையாக இருக்கும். அந்தப் பல மணிநேரத்தைப் பார்ப்பவர்தான் ‘ஆட்டோவேக்கம் சர்வரை நசுக்குகிறது’ என்று சொல்லி அதை அணைக்கிறார். பெரிய அட்டவணைகளுக்கு மட்டும் தனியே அந்தப் பங்கை 0.01 ஆக்கிவிட்டால் பத்து லட்சத்துக்கு ஒருமுறை சின்னச் சின்னதாக வேலை நடக்கும். எந்த அட்டவணைகள் பெரியவை என்பது மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், இதை மட்டும் நான் தானியங்கியாக்கினேன்: குறிப்பிட்ட எல்லையைத் தாண்டி வளர்ந்தும் தனி அமைப்பு இல்லாத அட்டவணைகளை வாரம் ஒருமுறை கண்டுபிடித்து, அவற்றுக்குரிய மாற்றத்தைப் பரிந்துரையாக எழுதிவைக்கும் ஒரு சிறு குவெரி (தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் கட்டளை).

வேகம் போதவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது ஒரே நேரத்தில் ஓடும் ஆட்டோவேக்கப் பணியாளர்களின் (பின்னணிச் செயல்முறைகளின்) எண்ணிக்கையில். இயல்பாக 3 என்றிருப்பதை 6 ஆக்கினால் இருமடங்கு வேகம் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் வேகவரம்பு எல்லாப் பணியாளர்களுக்கும் பொதுவானது. ஆள் கூடினால் ஒவ்வொருவரும் அதே வரம்பைப் பங்குபோட்டுக்கொண்டு மெதுவாகிவிடுவார்கள். வரம்பை உயர்த்தாமல் ஆளை மட்டும் கூட்டுவதில் பெரிய பயன் இல்லை. 12-ஆம் பதிப்பில் இடைநிறுத்த நேரத்தை 20 மில்லிநொடியிலிருந்து 2 மில்லிநொடியாகக் குறைத்த பிறகு இந்தத் தொல்லை பாதி தீர்ந்துவிட்டது என்றாலும், பழைய பதிப்பிலிருந்து அமைப்புக் கோப்பை அப்படியே தூக்கிவந்த சர்வர்களில் 20 இன்னும் உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

இனி, ஓடியதும் நடந்ததும் வேறு என்பதை எனக்கு நன்றாகக் காட்டிய அட்டவணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்னணி வேலைகளை வரிசைப்படுத்தி வைப்பதற்கான அட்டவணை அது. எந்த நேரத்திலும் அதில் உயிருள்ள பதிவுகள் சில ஆயிரத்துக்கு மேல் இருக்காது. ஆனால் ஒவ்வொரு வேலையும் சேர்க்கப்பட்டு, ‘நடக்கிறது’ என்று மாற்றப்பட்டு, ‘முடிந்தது’ என்று மாற்றப்பட்டு, நீக்கப்படும் என்பதால் செத்த பதிவுகள் மளமளவென்று சேரும். ஆட்டோவேக்கம் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை அதற்கு வந்துகொண்டிருந்தது. கடைசியாக எப்போது வேக்கம் நடந்தது என்று காட்டும் நெடுவரிசையைப் பார்த்தால் எப்போதும் சற்றுமுன் என்றே இருக்கும். கண்காணிப்புத் திரையில் அந்த அட்டவணை பச்சையாகவே இருந்தது. இருந்தும் அதன் அளவு மணிக்கு மணி ஏறியது. அடுத்த வேலையை எடுக்கும் குவெரி மில்லிநொடிகளிலிருந்து நொடிகளுக்குப் போனது. ஆட்டோவேக்க லாக்கை (நடந்தவற்றைக் குறித்துவைக்கும் கோப்பை) திறந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது: ஒவ்வொரு ஓட்டத்திலும் அகற்றியவை பூஜ்யம், செத்தும் இன்னும் அகற்ற முடியாதவை பல லட்சம் என்று வரிக்கு வரி எழுதியிருந்தது.

காரணம் அந்த அட்டவணையிலேயே இல்லை. அறிக்கை தயாரிக்கும் ஒரு செயலி, வேறு அட்டவணைகளை மட்டும் படிக்கும் டிரான்சாக்ஷன் (ஒரே அலகாகச் செய்து முடிக்கும் செயல்களின் தொகுப்பு) ஒன்றைத் தொடங்கிவிட்டு, அதை முடிக்காமல் இணைப்பைத் திறந்தபடியே வைத்திருந்தது. போஸ்ட்கிரெஸைப் பொறுத்தவரை, அந்த டிரான்சாக்ஷன் பழைய காட்சியைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை, அதற்குத் தேவைப்படக்கூடிய பதிவு எதையும் தரவுத்தளத்தின் எந்த அட்டவணையிலிருந்தும் அகற்றக் கூடாது. திறந்தே கிடக்கும் டிரான்சாக்ஷன்களைப் போலவே, முதன்மைச் சர்வரின் நகலை வைத்திருக்கும் துணைச் சர்வர் போய்விட்ட பிறகும் அதற்காகவே காத்துக்கொண்டு நீக்கப்படாமல் கிடக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டும், முதலில் தயார்செய்து பிறகு உறுதிசெய்யும் இருகட்ட உறுதிப்பாட்டில் பாதியில் விடப்பட்ட டிரான்சாக்ஷனும், தனக்கு எந்தப் பதிவுகள் வேண்டும் என்று முதன்மைக்குப் பின்னூட்டம் அனுப்பும் துணைச் சர்வரில் ஓடும் நீண்ட குவெரியும் இதையே செய்யும். இந்த நான்கையும் ஒன்றாகப் பார்த்து, துப்புரவுக்குத் தடையாக நிற்பவற்றில் மிகப் பழையது எது, அதன் வயது என்ன என்று சொல்லும் குவெரி ஒன்றை எழுதிக் கண்காணிப்பில் சேர்த்ததைப் போல வேறெந்தத் தானியங்கியாக்கமும் எனக்குப் பலன் தரவில்லை. டிரான்சாக்ஷனைத் திறந்துவைத்துச் சும்மா இருக்கும் இணைப்புகளைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் துண்டிக்கும் அமைப்பு 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. செயலிகளின் பயனர் கணக்குகளுக்கு அதைச் சில நிமிடங்களாக வைத்துவிட்டேன். முதல் வாரம் செயலி எழுதுவோரிடமிருந்து முணுமுணுப்பு வந்தது. இணைப்பை முறையாக மூடும் திருத்தமும் அதே வாரத்தில் வந்தது.

இதோடு சேர்த்து எல்லா ஆட்டோவேக்க ஓட்டங்களையும் லாக்கில் எழுதும்படி செய்துவிடுவது நல்லது. 15-ஆம் பதிப்புக்கு முன் இயல்பில் எதுவுமே எழுதப்படாது. அதன் பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடியவை மட்டுமே எழுதப்படும். மேலே சொன்ன அட்டவணையில் ஒவ்வோர் ஓட்டமும் ஒரு நொடிக்குள் முடிந்தது. அந்த வரம்பை வைத்திருந்தால் அது என்றைக்கும் கண்ணில் பட்டிருக்காது.

டிரான்சாக்ஷன் எண்கள் தீர்ந்துபோகும் ஆபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் கொடுக்கப்படும் எண் 32 பிட் கொண்டது. அதில் பாதியான சுமார் இருநூறு கோடிக்குள் பழைய பதிவுகள் உறையவைக்கப்பட்டாக வேண்டும், அதாவது எண்ணைப் பார்க்காமலே பழையவை என்று குறிக்கப்பட வேண்டும். அட்டவணையின் வயது, அதாவது அதில் உறையாத மிகப் பழைய எண்ணுக்குப் பின் கடந்த டிரான்சாக்ஷன்களின் எண்ணிக்கை, இருபது கோடியைத் தாண்டினால், ஆட்டோவேக்கம் அணைக்கப்பட்டிருந்தாலும் தரவுத்தளம் தானாகவே அந்த வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே இதற்குத் தனி ஸ்கிரிப்ட் தேவையில்லை. வயதை அளந்து எச்சரித்தால் போதும். எச்சரிக்கையை இருபது கோடியில் வைத்தால் அது அடிக்கடி அடித்து அலுப்பூட்டும், ஏனென்றால் அந்த எல்லையைத் தொடுவது இயல்பானதே. நான் ஐம்பது கோடியில் வைக்கிறேன். அங்கே வந்தால் உறையவைக்கும் வேலை எதிலோ சிக்கியிருக்கிறது என்று பொருள். சிக்கவைத்திருப்பது பெரும்பாலும் மேலே சொன்ன நான்கில் ஒன்றாகவே இருக்கும்.

புள்ளிவிவரங்களுக்கு வருவோம். பத்தில் ஒரு பங்கு பதிவுகள் மாறினால் அவற்றைப் புதுப்பிக்கும் அனலைஸ் தானாக நடக்கும் என்பதால் பொதுவாக இங்கே செய்ய வேண்டியது குறைவு. ஆனால் ஆட்டோவேக்கம் கண்டுகொள்ளாத இடங்கள் உண்டு. தற்காலிக அட்டவணைகளை அது தொடாது. பிரிவுகளாகப் பிரிக்கப்பட்ட அட்டவணையில் ஒவ்வொரு பிரிவையும் அது அனலைஸ் செய்யுமே தவிர, தாய் அட்டவணையைச் செய்யாது. பிரிவுகளை ஒட்டுமொத்தமாகப் பார்த்துத் திட்டமிட வேண்டிய குவெரிகள் இதனால் தடுமாறும். இதற்கு ஒரு தினசரி வேலை தேவைதான். பெருந்தொகையாகத் தரவை ஏற்றியவுடனே அடுத்த குவெரி ஓடப்போகிறது என்றால், ஆட்டோவேக்கம் விழித்துவரும் ஒரு நிமிட இடைவெளியே அதிகம். அந்த அனலைஸை இரவு வேலையில் வைப்பதில் பொருளில்லை, தரவை ஏற்றும் நிரலின் கடைசி வரியாகவே அது இருக்க வேண்டும். பராமரிப்பு வேலைகளையெல்லாம் ஒரே இடத்தில் குவித்து வைக்கும் ஆசை நமக்கு உண்டு. சில வேலைகள் அவற்றை உண்டாக்கும் நிகழ்வோடு ஒட்டியிருந்தால்தான் பலன் தரும்.

மற்றத் தரவுத்தளங்களிலும் சங்கதி ஏறக்குறைய இதுவே. மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியிலும் நீண்ட டிரான்சாக்ஷன் பதிவுகளின் பழைய பதிப்புகளைத் தேக்கிவைக்கும். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு வேடிக்கையான இரட்டை வேலையைப் பலமுறை பார்த்திருக்கிறேன்: இண்டெக்ஸை முழுதாகத் திரும்பக் கட்டும்போது அதன் புள்ளிவிவரங்கள் எல்லாப் பதிவுகளையும் படித்தே புதுப்பிக்கப்பட்டுவிடும், அடுத்த படியில் ‘புள்ளிவிவரங்களைப் புதுப்பி’ என்ற வேலை ஓடி, அதே புள்ளிவிவரத்தை மாதிரிப் பதிவுகளை மட்டும் பார்த்துத் திரும்ப எழுதும். இரண்டு வேலையும் பச்சையாகவே முடியும்; பின்னது முன்னதைவிட மோசமான புள்ளிவிவரத்தை விட்டுச்செல்லும்.

வாராந்தர ரீஇண்டெக்ஸ் என்பது பெரும்பாலும் பழக்கத்தால் வருவது. எஸ்க்யூஎல் சர்வர் ஆவணங்களில் நெடுங்காலம் இருந்த, இண்டெக்ஸ் சிதறலுக்கான 5 சதவீதம், 30 சதவீதம் என்ற எல்லைகளை மனப்பாடம் செய்தவர்கள் அவற்றை எல்லாத் தரவுத்தளங்களுக்கும் கொண்டுவருகிறார்கள். போஸ்ட்கிரெஸில் ஓர் இண்டெக்ஸின் அளவு கொஞ்சம் ஊதியிருப்பது இயல்பு. அதைச் சுருக்கினால் அடுத்த வாரமே பழைய அளவுக்கு வந்துவிடும், அந்த வாரம் முழுவதும் இண்டெக்ஸின் பக்கங்கள் நிரம்பிப் பிளந்துகொண்டே இருப்பதால் எழுதும் வேகமும் குறையும். ஆகவே ‘ஞாயிறு வந்தால் திரும்பக் கட்டு’ என்பதை எடுத்துவிட்டு, மதிப்பிட்ட ஊதல் பாதிக்கு மேலும், வீணான இடம் கண்டுகொள்ளத்தக்க அளவிலும் இருந்தால் மட்டும் கட்டும்படி மாற்றினேன். மாற்றிய பிறகு பெரும்பாலான வாரங்களில் அந்த வேலை எதையும் செய்யாமலே முடிகிறது. செய்யத் தேவையில்லை என்று முடிவெடுத்ததையும் அது லாக்கில் எழுதுகிறது.

12-ஆம் பதிப்பிலிருந்து வந்த கன்கரன்ட்லி முறையில் திரும்பக் கட்டினால் எழுதும் வேலைகள் நிற்காது. ஆனால் அது நடுவில் தோற்றால், பாதி கட்டிய இண்டெக்ஸ் ஒன்று ‘சிசிநியூ’ என்ற பின்னொட்டோடு செல்லாத நிலையில் அங்கேயே கிடக்கும். குவெரிகள் அதைப் பயன்படுத்தாது. ஆனால் ஒவ்வொரு பதிவு மாற்றத்துக்கும் அதைப் புதுப்பிக்கும் செலவு மட்டும் தொடரக்கூடும். மறுநாள் அதே வேலை ஓடித் திரும்பவும் தோற்றால் இரண்டாவது ஒன்று சேரும். ஆகவே என் வேலை தொடங்கியதும் முதலில் செல்லாத இண்டெக்ஸ்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும். இருந்தால் புதிதாக எதையும் கட்டாமல் எச்சரித்துவிட்டு நின்றுவிடும்.

பூட்டு கேட்கும் எந்தத் தானியங்கி வேலையும் காத்திருப்புக்கு எல்லை வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். இதன் காரணத்தைக் கொஞ்சம் விளக்கினால்தான் புரியும். ஓர் அட்டவணையை நீண்ட குவெரி ஒன்று படித்துக்கொண்டிருக்கிறது. நம் வேலை அந்த அட்டவணையின் மேல் முழுப் பூட்டு கேட்கிறது, கிடைக்காததால் காத்திருக்கிறது. இதுவரை யாருக்கும் தீங்கில்லை என்று தோன்றும். ஆனால் நமக்குப் பின்னால் வரும் சாதாரணக் குவெரிகள், முதல் குவெரியோடு எந்த மோதலும் இல்லாதவை, நமக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிடுகின்றன. ஒற்றை வழிப் பாலத்தின் முகப்பில் பெரிய லாரி ஒன்று எதிர்வண்டி கடக்கட்டும் என்று நின்றால், அதன் பின்னால் சைக்கிளும் நகர முடியாது. சில நொடிகளில் இணைப்புகள் எல்லாம் தீர்ந்து, தளமே நின்றுவிட்டதைப் போலாகும். அப்போதும் சர்வரின் சிபியூ அமைதியாகவே இருப்பதால் காரணத்தைத் தேடுவோர் திகைப்பார்கள். பூட்டுக் காத்திருப்பை இரண்டு நொடிகளுக்கு வைத்து, கிடைக்காவிட்டால் விலகி, சற்று இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்கும்படி எழுதினால் இந்த நெரிசல் இரண்டு நொடிக்கு மேல் நீளாது. பலமுறை கேட்டும் கிடைக்கவில்லையென்றால் அன்றைக்கு அந்த வேலையை விட்டுவிடுவதில் குற்றமில்லை. பராமரிப்பு வேலை ஒருநாள் தள்ளிப்போகலாம்.

பழைய தரவை நீக்கும் வேலையிலும் இதே பணிவு தேவை. ஒரே கட்டளையில் பல லட்சம் பதிவுகளை நீக்கினால் நீண்ட டிரான்சாக்ஷன், பெருகும் வால் (WAL) கோப்புகள் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைப்பவை), பின்தங்கும் துணைச் சர்வர், செத்த பதிவுகளின் குவியல் என்று எல்லாத் தொல்லையும் ஒன்றாக வரும். சில ஆயிரம் பதிவுகளாக நீக்கி, ஒவ்வொரு தொகுதிக்குப் பிறகும் உறுதிசெய்து, துணைச் சர்வர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்து, அதிகமாக இருந்தால் காத்திருந்து தொடர்வது நல்ல வழி. இதைவிட நல்ல வழி, நீக்கவே தேவையில்லாதபடி அட்டவணையை மாதவாரியாகப் பிரித்துவைத்துப் பழைய மாதத்தைக் கழற்றிவிடுவது. 14-ஆம் பதிப்பிலிருந்து கழற்றுவதையும் கன்கரன்ட்லி முறையில் செய்யலாம். அப்படிச் செய்யும்போது, அடுத்த மாதப் பிரிவை உண்டாக்கும் வேலைதான் உண்மையில் முக்கியமானதாகிவிடுகிறது. பழையது ஒரு மாதம் கூடுதலாக இருந்தால் டிஸ்க் இடம் மட்டுமே போகும். புதியது இல்லாமல் போனால் முதல் தேதி பிறந்த நொடியில் எழுதும் குவெரிகள் எல்லாம் பிழையாகும். ஆகவே எப்போதும் மூன்று மாதங்களுக்கு முன்கூட்டியே பிரிவுகள் இருக்கும்படி வைத்திருக்கிறேன். இரண்டுக்குக் குறைந்தால் எச்சரிக்கை வரும். உண்டாக்கும் வேலையும் எண்ணிப் பார்க்கும் வேலையும் வெவ்வேறு ஸ்கிரிப்ட்கள், வெவ்வேறு இயந்திரங்களில் ஓடுபவை.

பேக்கப்பில் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பிஜிடம்பின் வெளியீட்டைப் பைப் வழியாக ஜிசிப் என்ற சுருக்கும் நிரலுக்குக் கொடுத்துச் சுருக்கும் ஒற்றை வரி எங்கும் காணப்படுவது. கட்டளைகளை இயக்கும் ஷெல்லின் இயல்பான விதிப்படி அந்த வரியின் முடிவு நிலை, பைப்பின் கடைசி நிரலின் முடிவு நிலை. டம்ப் முதல் நொடியிலேயே இணைய முடியாமல் தோற்றாலும், ஜிசிப் வெற்றுள்ளீட்டை ஒழுங்காகச் சுருக்கிவிட்டு வெற்றி என்று சொல்லும்; இருபது பைட் அளவில் ஒரு கோப்பும் உண்டாகும். பேஷ் என்ற ஷெல்லில், பைப்பின் எந்த நிரல் தோற்றாலும் முழு வரியையும் தோல்வியாக்கும் பைப்ஃபெயில் அமைப்பைப் போட்டால் இது சரியாகும். அல்லது பைப்பையே தவிர்த்து, தானே சுருக்கிக்கொள்ளும் கஸ்டம் வடிவில் எடுக்கலாம். நான் பின்னதையே விரும்புகிறேன், மீட்கும்போது தேவையான அட்டவணையை மட்டும் எடுக்க முடியும் என்பதால். எழுதும்போது கோப்புக்குத் தற்காலிகப் பெயர் கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகே உரிய பெயருக்கு மாற்றினால், பாதியில் நின்ற கோப்பை முழுக் கோப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தப் பிரச்சினை சிறியவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. 2017 ஜனவரி 31 அன்று நிரல் சேமிப்புச் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளத்தில் தரவு தவறுதலாக அழிந்தபோது, பிஜிடம்ப் பேக்கப்புகள் அதற்கு முன்பிருந்தே எடுக்கப்படாமல் இருந்தது தெரியவந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பில் இருக்க, டம்ப் நிரல் 9.2 பதிப்பாக ஓடிப் பிழையோடு நின்றிருக்கிறது. பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ உரிய கையொப்பம் இல்லாததால் பெறும் சர்வரிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ ஆறு மணிநேரத் தரவு இழப்பாயிற்று. நடந்ததை ஒளிக்காமல் அவர்களே விரிவாக வெளியிட்டார்கள் என்பதால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. தோல்வியை அறிவிக்கும் ஏற்பாடும் தோற்கக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

ஆகவே என் வேலைகள் தோல்வியை அறிவிப்பதை நம்பியிருப்பதில்லை. ஒவ்வொரு வேலையும் வெற்றியாக முடிந்ததும் வெளியே உள்ள ஒரு கண்காணிப்புச் சேவைக்குச் சிறு சமிக்ஞை அனுப்பும். எதிர்பார்த்த நேரத்துக்குள் அது வரவில்லையென்றால் அந்தச் சேவைதான் என்னை எழுப்பும். கிரான் நின்றுபோனாலும், இயந்திரமே போய்விட்டாலும், யாரோ அந்த வரிக்கு முன்னால் குறியிட்டு முடக்கிவிட்டு மறந்தாலும் இது பிடித்துவிடும். ‘வெற்றி’ என்பதற்கான வரையறையும் மாறியிருக்கிறது. பேக்கப் வேலைக்கு வெற்றி என்றால், கோப்பு உண்டானது அல்ல. வேறொரு இயந்திரத்தில் வெறுமையான தரவுத்தளம் ஒன்றை உண்டாக்கி, அதில் மீட்டு, முக்கிய அட்டவணைகளில் கடைசிப் பதிவின் நேரம் நேற்றையதாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு அந்தத் தரவுத்தளத்தை அழித்து முடிப்பதுவரை. கடைசிப் பதிவின் நேரத்தைப் பார்ப்பது முக்கியம். இணைப்பு முகவரி மாறாமல் பழைய சர்வரையே டம்ப் எடுத்துக்கொண்டிருந்தால் அளவும் அட்டவணைகளும் எல்லாம் சரியாகவே தோன்றும். மீட்க எவ்வளவு நேரமானது என்பதையும் ஒவ்வொரு முறையும் குறித்துவைக்கிறேன். நெருக்கடியில் ‘எப்போது திரும்ப வரும்’ என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நம்பத்தக்க விடை அது ஒன்றுதான்.

ஓடும் இடம் பற்றிச் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முந்தைய ஓட்டம் முடியாமலிருக்கும்போது அடுத்தது தொடங்காதபடி, வேலை தொடங்கும்போதே அட்வைசரி பூட்டு (நிரல்கள் தமக்குள் ஒத்துக்கொண்டு பயன்படுத்துவது) ஒன்றைக் கேட்டுப் பார்த்து, கிடைக்காவிட்டால் விலகிவிட வேண்டும். முதன்மைச் சர்வரும் துணைச் சர்வரும் இடம் மாறக்கூடிய அமைப்பில், இரண்டிலும் ஒரே கிரானை வைத்து, ‘நான் மீட்பு நிலையில் (அதாவது துணைச் சர்வராக) இருக்கிறேனா’ என்று முதலில் கேட்டு, இருந்தால் அமைதியாக முடிந்துவிடும்படி எழுதினால், இடம் மாறிய இரவிலும் பராமரிப்பு தானே தொடரும். கோடைநேர மாற்றம் உள்ள நாடுகளின் நேரத்தில் சர்வரை வைத்திருந்தால், கடிகாரம் தாவும் நாளில் அந்த இடைவெளி நேரத்தில் வைத்த வேலை ஓடாமலோ இருமுறையோ போகக்கூடும். அந்த மாற்றம் இல்லாத உலகப் பொதுநேரமான யூடிசியே பாதுகாப்பு. பராமரிப்பு வேலைக்கு எல்லா உரிமையும் கொண்ட சூப்பர்யூசர் கணக்கைக் கொடுக்கும் வழக்கமும் இப்போது தேவையில்லை. 17-ஆம் பதிப்பில் வேக்கம், அனலைஸ், ரீஇண்டெக்ஸ் போன்றவற்றுக்கு மட்டுமான தனி உரிமை வந்துவிட்டது.

எல்லாவற்றையும் தானியங்கியாக்கவில்லை. வேக்கம் ஃபுல் முழு அட்டவணையையும் பூட்டிப் புதிதாக எழுதும். எழுதி முடியும்வரை பழையதும் இருக்கும் என்பதால் ஏறக்குறைய அதே அளவு இடம் கூடுதலாக வேண்டும். டிஸ்க் நிரம்பும்போது தானாக ஓடும்படி அதை வைத்திருந்த ஒரு ஸ்கிரிப்டைப் பார்த்து நான் வியந்ததுண்டு. இயங்குதளத்தை மேம்படுத்துவதும் கையால்தான்: லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2018-இல் வந்த 2.28 பதிப்பு எழுத்து வரிசை விதிகளை மாற்றியபோது, உரைமீது கட்டிய பல இண்டெக்ஸ்கள் சத்தமில்லாமல் பிழையாயின. இப்படிப்பட்ட இண்டெக்ஸை ஊதல் அளவு காட்டிக்கொடுக்காது. மேம்படுத்திய அன்றே ஒருவர் உட்கார்ந்து, பாதிக்கப்படக்கூடியவற்றைப் பட்டியலிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும்.

பயன்படாத இண்டெக்ஸை நீக்குவதும் அப்படியே. பயன்பாட்டு எண்ணிக்கை பூஜ்யம் என்றால் நீக்கிவிடு என்று எழுதுவது எளிது. ஆனால் அந்த எண்ணிக்கை ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி. முதன்மையில் பூஜ்யமாக இருக்கும் இண்டெக்ஸ், அறிக்கைகள் ஓடும் துணைச் சர்வரில் நாள் முழுவதும் உழைத்துக்கொண்டிருக்கலாம். புள்ளிவிவரம் சென்ற வாரம்தான் அழிக்கப்பட்டிருக்கலாம். ஆண்டு முடிவில் மட்டும் தேவைப்படுவதாகவும் இருக்கலாம். ஆகவே என் வேலை பட்டியல் மட்டும் தயாரிக்கும்: இண்டெக்ஸின் பெயர், அளவு, எல்லாச் சர்வர்களிலும் அது பயன்பட்ட எண்ணிக்கை, எண்ணத் தொடங்கிய தேதி, 16-ஆம் பதிப்பு முதல் கிடைக்கும் கடைசியாகப் பயன்பட்ட நேரம், திரும்ப உண்டாக்கத் தேவையான கட்டளை. அதைப் படித்து முடிவெடுப்பது மனிதர். ஒரே மதிப்பு இருமுறை வராதபடி தனித்தன்மையைக் காக்கும் இண்டெக்ஸ்களை, அவற்றை எந்தக் குவெரியும் ஒருமுறைகூடத் தொடாமலிருந்தாலும், அந்தப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை.